சி.சி.டி.2 துணையலகுக்கு ஃபிட்சி ஒட்டிய ஆன்டிபாடி: பச்சை ஒளி எதைக் காட்டுகிறது?

பிப்பெட்முனை:

செல்லில் மற்றப் புரதங்களை மடித்துக் கொடுக்கும் கூட்டமைப்பான சி.சி.டி. ஷாப்பரோனினின் பீட்டா துணையலகை, அதாவது சி.சி.டி.2-ஐ, ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல் செல்லாக ஒளிர்வை அளக்கும் கருவி) அளக்க வேண்டும். கையில் இருப்பது ஃபிட்சி என்ற பச்சைச் சாயம் ஒட்டிய முயல் பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை) ஆன்டிபாடி. 50% கிளிசரால் கலந்த பி.பி.எஸ். (உப்புத் தாங்கல் கரைசல்), பி.எச். 7.4, பதனப்பொருள் 0.03% புரோக்ளின் 300. முயலுக்கு எதை ஊசி போட்டு இந்த ஆன்டிபாடியை எடுத்தார்கள் என்பதற்குத் தரவுத்தாளில் "மனித சி.சி.டி.2-இன் மறுசேர்க்கைத் துண்டு" என்ற ஒரு வரிதான் இருக்கிறது.

முறை: 10 லட்சம் ஹீலா செல்கள். 4% பாராஃபார்மால்டிஹைட் 15 நிமிடம், 0.2% ட்ரைட்டான் எக்ஸ்-100 10 நிமிடம், 100 மைக்ரோலிட்டரில் 5 மைக்ரோகிராம் ஆன்டிபாடி, அறை வெப்பத்தில் 1 மணி நேரம், இரண்டு முறை கழுவல்.

வந்தது: ஒளிர்வு வரைபடத்தில் செல்கள் மொத்தமாக வலப்பக்கம், அதாவது அதிக ஒளிப் பக்கம், நகர்கின்றன. ஆனால் ஐசோடைப் கண்ட்ரோலும் (எதையும் குறிவைக்காத, சாயம் ஒட்டிய முயல் ஆன்டிபாடி) அதில் பாதி தூரம் நகர்கிறது. சி.சி.டி.2-இன் உற்பத்தியைக் குறைக்க (நாக்டவுன்) எஸ்ஐ-ஆர்என்ஏ கொடுத்து 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒளிர்வு 15% தான் குறைகிறது. இதே ஆன்டிபாடியின் சாயமில்லாத வடிவம் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பார்க்கும் முறை) 57 கிலோடால்டன் அருகே ஒரே ஒரு சுத்தமான பட்டை கொடுக்கிறது. அப்படியானால் ஆன்டிபாடி சரி, ஃப்ளோ முறையில்தான் தவறு என்று வைத்துக்கொள்ளலாமா?

மடிப்புவளையம்:

அந்த ஒற்றைப் பட்டையை வைத்து ஆன்டிபாடி சரி என்று முடிவு செய்யாதீர்கள். வேறு பல புரதங்களுக்கு அது ஓரளவு நல்ல சான்று. இந்தக் குடும்பத்துக்கு மட்டும் அது சான்றே இல்லை.

சி.சி.டி. என்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் 8 வெவ்வேறு துணையலகுகள். எட்டும் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து பிரிந்தவை. மனிதரில் அவற்றின் எடையைப் பாருங்கள்: சி.சி.டி.1 சுமார் 60.3 கிலோடால்டன், 2 என்பது 57.5, 3 என்பது 60.5, 4 என்பது 57.9, 5 என்பது 59.7, 6ஏ என்பது 58.0, 7 என்பது 59.4, 8 என்பது 59.6. மொத்தமே 3 கிலோடால்டன் இடைவெளி. 10% ஜெல்லில் 2, 4, 6ஏ மூன்றையும் கண்ணால் பிரிக்கவே முடியாது. உங்கள் ஆன்டிபாடி 2-ஐயும் 4-ஐயும் சேர்த்துப் பிடித்தாலும் அதே சுத்தமான ஒற்றைப் பட்டைதான் வரும். எட்டையும் பிடித்தால்கூடப் பட்டை கொஞ்சம் தடிக்கும், அவ்வளவே.

மைட்டோகாண்ட்ரியாவின் எச்.எஸ்.பி.60 கூட அங்கேயேதான் ஓடும். டியூபுலின் சற்றுக் கீழே. ஆக 50 முதல் 60 வரை உள்ள பகுதி நெரிசலான தெரு. அங்கே ஒரு பட்டை தெரிவதால் யார் வீடு என்று சொல்லிவிட முடியாது.

எனவே முதல் கேள்வி: அந்த மறுசேர்க்கைத் துண்டு புரதத்தின் எந்தப் பகுதி? விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். எட்டுத் துணையலகுகளுக்கும் ஏ.டி.பி.-யைப் பிடிக்கும் நடுக்கோட்டுப் பகுதிதான் அதிகம் ஒத்திருக்கும். மடிப்புக்கு வரும் புரதத்தைப் பிடிக்கும் நுனிப்பகுதியில்தான் ஒவ்வொன்றும் தனித்தனியாக விலகியிருக்கும். வரிசையின் நடுவில் இருக்கும் நுனிப்பகுதியிலிருந்து துண்டு எடுத்திருந்தால் நம்பிக்கை கூடும். இரு முனைகளும் சேர்ந்துதான் நடுக்கோட்டுப் பகுதியை உருவாக்குகின்றன. துண்டு அங்கிருந்து வந்திருந்தால் மற்ற ஏழோடும் வரிசைப்படுத்திப் பார்க்காமல் ஒரு சொட்டுகூடச் செலவழிக்காதீர்கள்.

பச்சைவிளக்கு:

அது சரி, ஆனா இவருடைய ஐசோடைப்பே பாதி தூரம் போகுதே. அதுக்குக் காரணம் கண் முன்னாடியே இருக்கு. 100 மைக்ரோலிட்டரில் 5 மைக்ரோகிராம்னா ஒரு மில்லிக்கு 50 மைக்ரோகிராம். செல்லுக்குள்ளே சாயம் ஏத்துறதுக்கு இது ரொம்ப அதிகம். இவ்வளவு போட்டா எந்த ஐஜிஜி (ஆன்டிபாடி வகை) ஆனாலும் போய் ஒட்டும்.

டைட்ரேஷன் பண்ணுங்க. 2 மைக்ரோகிராமில் ஆரம்பிச்சு பாதிப் பாதியா: 2, 1, 0.5, 0.25, 0.125, 0.06, 0.03. எல்லாக் குழாயிலும் அதே 100 மைக்ரோலிட்டர், அதே 10 லட்சம் செல். அளவு மட்டும் மாறணும். ஸ்டாக்கை எடுக்கிறதுக்கு முன்னாடி 4 டிகிரியில 10,000 ஜி-யில 5 நிமிஷம் சுத்திட்டு மேலே இருக்கிறதை மட்டும் எடுங்க. திரண்டுபோன ஆன்டிபாடி இருந்தா அதுவே பின்னணியைத் தூக்கிவிடும்.

இன்னொண்ணு. பாராஃபார்மால்டிஹைடுக்கு அப்புறம் 0.1 மோலார் கிளைசின் 10 நிமிஷம் போட்டீங்களா? போடலைன்னா மிச்சம் இருக்கிற ஆல்டிஹைடு ஆன்டிபாடியோட அமீனைப் பிடிச்சுக்கும். அப்புறம் எத்தனை தடவை கழுவினாலும் போகாது. கண்ட இடத்துல ஒட்டாம இருக்கப் போடுற அடைப்புக்கு 1% பி.எஸ்.ஏ. (மாட்டு ஆல்புமின்) போதாது. மனித செல்னா மனித ஐஜிஜி இல்லேன்னா எஃப்.சி. (ஆன்டிபாடியோட வால் பகுதி) அடைப்பான் 10 நிமிஷம் முன்னாடியே போடுங்க. ஹீலாவுக்கு எஃப்.சி. ஏற்பி பெரிய பிரச்சினை இல்லை, ஆனா நாளைக்கு ரத்த மோனோசைட்டுக்குப் போனீங்கன்னா இதுதான் முதல் தலைவலி. ரத்தத்துல இயோசினோஃபில் வேற இருக்கு. அதோட துகள்களில் இருக்கிற காரத்தன்மைப் புரதங்கள் ஃபிட்சி-யில இருக்கிற, எதிர்மின் சுமை உள்ள ஃப்ளூரெசீனை இழுத்துக்கும், ஆன்டிபாடி எதுவா இருந்தாலும்.

தராசுத்தட்டு:

ஐசோடைப் பாதி தூரம் நகர்வதற்கு அளவு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டின் சாய-புரத விகிதத்தையும் அளந்தீர்களா? ஐசோடைப்பில் ஒரு ஐஜிஜி-க்கு 7 சாய மூலக்கூறும் உங்கள் ஆன்டிபாடியில் 3-ம் இருந்தால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே கிடையாது.

ஃபிட்சி ஒட்டிய ஐஜிஜி-க்குக் கணக்கு எளிது. 280 நானோமீட்டரிலும் 495 நானோமீட்டரிலும் உறிஞ்சளவு எடுங்கள். 495-இல் வந்ததை 0.35-ஆல் பெருக்கி 280-இல் வந்ததிலிருந்து கழியுங்கள். 280-இல் சாயமும் கொஞ்சம் உறிஞ்சும் என்பதால் இந்தக் கழித்தல். கழித்து வந்ததை 1.4-ஆல் வகுத்தால் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் புரதம் என்று கிடைக்கும். விகிதத்துக்கு, 495-இன் உறிஞ்சளவை 2.77-ஆல் பெருக்கி அதே கழித்த எண்ணால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக 280-இல் 0.95, 495-இல் 0.80 என்று வைப்போம். 0.80-ஐ 0.35-ஆல் பெருக்கினால் 0.28. கழித்தால் 0.67. புரதம் ஒரு மில்லிக்கு 0.48 மில்லிகிராம். விகிதம் 2.216-ஐ 0.67-ஆல் வகுத்தால் 3.3. இது நல்ல எண். 3 முதல் 6 வரை வேலைக்கு ஆகும். அதற்கு மேலே போனால் பக்கத்துப் பக்கத்துச் சாயங்களே ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும். எதிர்மின் சுமையும் கூடிக் கண்ட இடத்தில் ஒட்டும். பிடிக்கும் தளத்திலேயே லைசின் இருந்தால் பிடிப்பும் தளரும்.

இரண்டு எச்சரிக்கை. வெற்றுக்கரைசலாக அதே கிளிசரால் பி.பி.எஸ்.-ஐ வையுங்கள், தண்ணீரை அல்ல. புட்டியில் நிலைப்படுத்தியாக பி.எஸ்.ஏ. சேர்த்திருந்தால் இந்தக் கணக்கு எதற்கும் உதவாது. 280-இல் வருவது பெரும்பாலும் அந்த ஆல்புமினாகத்தான் இருக்கும்.

பிப்பெட்முனை:

நன்றி. சாய-புரத விகிதம்: ஆன்டிபாடியில் 3.9, ஐசோடைப்பில் 6.8. இரண்டிலும் ஆல்புமின் இல்லை என்று தாளில் இருக்கிறது. கிளைசின் போடவில்லை. அடுத்த ஓட்டத்தில் 3.5 முதல் 4 வரை விகிதம் உள்ள முயல் ஐஜிஜி-ஃபிட்சி வைத்துக்கொள்கிறேன். அப்போது ஐசோடைப் கீழே இறங்கி ஆன்டிபாடி மேலே நின்றால் குறிப்புத்தன்மை உறுதி என்று சொல்லலாமா?

மடிப்புவளையம்:

சொல்ல முடியாது. ஐசோடைப் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "இந்த அளவுக்கு இந்த வகை ஐஜிஜி சும்மாவே ஒட்டும்." ஆன்டிபாடி தன் பிடிக்கும் தளத்தால் சி.சி.டி.4-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால் ஐசோடைப்புக்கு அது எப்படித் தெரியும்? பாலிகுளோனலுக்கு முயலின் சாதாரண ஐஜிஜி சரியான இணையும் இல்லை. ஆன்டிஜென் தூண் வழியாகப் பிரித்தெடுத்த ஆன்டிபாடியும் மொத்த சீரத்திலிருந்து எடுத்த ஐஜிஜி-யும் ஒட்டும் குணத்தில் வேறுபடும். ஐசோடைப்பை வையுங்கள், ஆனால் தீர்ப்பை அதன் கையில் கொடுக்காதீர்கள்.

தீர்ப்பு சொல்ல வேண்டியது நாக்டவுனும், எட்டுத் துணையலகுகளின் தனித்தனி வெளிப்பாடும்.

கரைசல்கலம்:

எட்டையும் எப்படிச் சோதிப்பது என்று விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

ஒவ்வொரு துணையலகையும் ஃப்ளாக் அடையாளத்தோடு செல்லில் வெளிப்படுத்தினால் பட்டை 1 கிலோடால்டன் அளவுக்குத்தான் மேலே நகரும். செல்லின் சொந்த சி.சி.டி.2 அதன் மேலேயே வந்து மூடிக்கொள்ளும். ஆகவே பெரிய அடையாளம் ஒட்டுங்கள். எம்-செர்ரி 27 கிலோடால்டன். ஒட்டிய புரதம் 85 அருகே போய் நிற்கும், சொந்தப் புரதம் 57-இல் இருக்கும், இடையில் காலி. எட்டுப் பாதைகளில் எட்டுத் துணையலகுகள், 10% ஜெல், பாதைக்கு 15 மைக்ரோகிராம் லைசேட் (செல்லை உடைத்து எடுத்த கரைசல்). முதலில் எம்-செர்ரிக்கு எதிரான ஆன்டிபாடியால் எட்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிப்பட்டிருப்பதை உறுதி செய்யுங்கள். பிறகு உங்கள் ஆன்டிபாடி. 85-இல் சி.சி.டி.2 பாதை மட்டும் தெரிய வேண்டும். மங்கலாக வேறு பாதை தெரிந்தால் எத்தனை பங்கு என்று அளந்து எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறுக்குப் பிடிப்பு சில வேலைகளுக்குப் பரவாயில்லை, சிலவற்றுக்கு ஆகாது.

இதற்குச் சாயமில்லாத வடிவத்தையே பயன்படுத்துங்கள். ஃபிட்சி-யை நேரடியாக வெஸ்டர்ன் சவ்வில் பார்ப்பது வீண் முயற்சி. பச்சை நிறத்தில் சவ்வே ஒளிரும், சாதாரண பி.வி.டி.எஃப். வகைச் சவ்வு இன்னும் மோசம். சவ்வில் ஒளிர்வு வேண்டுமென்றால் 700 அல்லது 800 நானோமீட்டர் அகச்சிவப்பருகுச் சாயங்கள்தான் சரி.

எம்-செர்ரி தேர்ந்ததற்கு இன்னொரு காரணம்: அதே செல்களை ஃப்ளோவுக்கும் கொண்டுபோகலாம். டிரான்ஸ்ஃபெக்‌ஷன் எல்லாச் செல்லிலும் ஏறாது. ஒரே குழாயில் எம்-செர்ரி இல்லாதவை, கொஞ்சம் உள்ளவை, நிறைய உள்ளவை என்று வரிசையாக இருக்கும். சி.சி.டி.2-எம்-செர்ரி குழாயில் சிவப்பு கூடக் கூடப் பச்சையும் ஏற வேண்டும், புள்ளிகள் சாய்கோடாக நிற்கும். சி.சி.டி.4-எம்-செர்ரி குழாயில் சிவப்பு கூடினாலும் பச்சை தரையோடு கிடக்க வேண்டும். 561 நானோமீட்டர் லேசர் இருந்தால் எம்-செர்ரி நன்றாகத் தெரியும். 488-ஆல் அது மங்கலாகத்தான் தூண்டப்படும்.

மடிப்புவளையம்:

அருமையான சோதனை. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு துணையலகை மட்டும் அதிகமாக உற்பத்தி செய்தால் அதில் பெரும்பகுதி வளையத்தில் சேராது. மற்ற ஏழும் அந்த அளவுக்குக் கூடவில்லையே. ஆக அந்தச் சாய்கோடு தனியாக மிதக்கும் சி.சி.டி.2-ஐ ஆன்டிபாடி பிடிக்கிறது என்று சொல்லும். வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும் சி.சி.டி.2-ஐப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

வளையத்துக்குள் பல இடங்கள் மறைந்துவிடும். ஒரு வளையத்தில் துணையலகுகளின் வரிசை 1, 4, 2, 5, 7, 8, 6, 3. அதாவது 2-க்கு இருபுறமும் 4-ம் 5-ம். கீழ் வளையத்தோடு தொடும் இடத்தில் 2 இன்னொரு 2-ஐயே தொடுகிறது, 6-ம் அப்படித்தான். ஆகவே நடுக்கோட்டுப் பகுதியில் உள்ள எபிடோப்பில் (ஆன்டிபாடி பிடிக்கும் இடம்) பெரும்பங்கு அந்தத் தொடுபரப்பிலோ பக்கத்துத் துணையலகின் அணைப்பிலோ போய்விடும். வரிசையின் இரு முனைகளும் அறையின் உட்புறம், இரண்டு வளையங்களுக்கும் நடுவே இருக்கின்றன. முனைக்கு எதிரான ஆன்டிபாடி மூடிய கூட்டமைப்பில் நுழையவே முடியாது. ஐஜிஜி 150 கிலோடால்டன்.

பாராஃபார்மால்டிஹைட் புரதத்தை அதே மடிப்பில் பூட்டி வைக்கிறது. ட்ரைட்டான் சவ்வைத் திறக்கும், வளையத்தைத் திறக்காது. மெத்தனால் புரதத்தையே கொஞ்சம் குலைப்பதால் மறைந்த எபிடோப் வெளியே வரும். வெஸ்டர்னில் எஸ்.டி.எஸ். என்ற டிடர்ஜென்ட் எல்லாவற்றையும் குலைத்துவிடுகிறது. வெஸ்டர்னில் வேலை செய்யும் ஆன்டிபாடி ஃப்ளோவில் தடுமாறுவதற்கு இந்தக் குடும்பத்தில் இது ஒரு உண்மையான காரணம்.

பச்சைவிளக்கு:

அப்போ இரண்டு வழியிலும் ஒரே நாள்ல போட்டுப் பாருங்க. ஒரு பங்கு: 4% பாராஃபார்மால்டிஹைட் 15 நிமிஷம், கிளைசின், 0.1% சப்போனின். இன்னொரு பங்கு: பாராஃபார்மால்டிஹைட், கழுவல், அப்புறம் பனியில குளிர்ந்த 90% மெத்தனால் 30 நிமிஷம். மெத்தனாலைச் சொட்டுச் சொட்டா, குழாயை ஆட்டிக்கிட்டே விடணும். ஒரேயடியா ஊத்தினா செல் கட்டி தட்டிப் போகும். அப்புறம் இரண்டு தடவை நல்லாக் கழுவணும், மெத்தனால் மிச்சம் இருந்தா ஆன்டிபாடி கெடும்.

மெத்தனாலுக்கு அப்புறம் ஃபிட்சி போடுறதுல பிரச்சினை இல்லை. ஆனா அதே குழாயில பி.இ. இல்லேன்னா ஏ.பி.சி. சாயம் ஒட்டின மேற்பரப்பு ஆன்டிபாடியை முதல்லயே போட்டிருந்தா மெத்தனால் அதைக் கொன்னுடும். அந்த இரண்டும் சின்னச் சாய மூலக்கூறு இல்லை, பெரிய புரதங்கள். குலைஞ்சா ஒளி போச்சு. பி.இ. மட்டுமே 240 கிலோடால்டன். அதை உறைய வைக்கவும் கூடாது.

உயிருள்ள செல், செத்த செல் பிரிக்கிற சாயத்தை மறந்துடாதீங்க. ஃபிக்ஸ் பண்ணின பிறகு பி.ஐ. (செத்த செல்லுக்குள்ளே மட்டும் போற சாயம்) போட்டா எல்லாமே செத்ததாத்தான் தெரியும். அமீனோட சேருற வகைச் சாயத்தை ஃபிக்ஸ் பண்றதுக்கு முன்னாடி, புரதம் இல்லாத பி.பி.எஸ்.ல போடுங்க. செத்த செல் பச்சையை ரொம்ப வாங்கும்.

கரைசல்கலம்:

நாக்டவுன் பற்றியும் சொல்ல வேண்டும். 48 மணி நேரத்தில் 15% குறைவு என்பதை வைத்து ஆன்டிபாடியைக் குறை சொல்ல முடியாது. எம்-ஆர்என்ஏ சீக்கிரம் இறங்கும், ஆனால் வளையத்தில் சேர்ந்துவிட்ட புரதம் எளிதில் அழியாது. செல் பிரியும்போது பாதிப் பாதியாகப் பகிரப்பட்டுத்தான் குறையும். 72 மணி நேரமாவது போங்கள், 96 என்றால் நல்லது, நடுவில் ஒருமுறை மறுபடி எஸ்ஐ-ஆர்என்ஏ. அதே தட்டிலிருந்து ஒரு பங்கை எப்போதும் வெஸ்டர்னுக்கு எடுத்து வையுங்கள். வெஸ்டர்னில் 60% குறைந்து ஃப்ளோவில் 15% குறைந்தால், மீதி ஒளி வேறெங்கிருந்தோ வருகிறது. வெஸ்டர்னிலும் 15% தான் என்றால் நாக்டவுனே நடக்கவில்லை. இரண்டு வேறு வரிசைகளுக்கான எஸ்ஐ-ஆர்என்ஏ வைத்து, இரண்டும் ஒரே திசையில் போனால்தான் நம்புங்கள்.

முழு நாக்அவுட் (மரபணுவையே நீக்குவது) கேட்காதீர்கள். சி.சி.டி. இல்லாமல் செல் வாழாது. ஆக்டினும் டியூபுலினும் மடிவதற்கே இது வேண்டும். குறைப்பு ஆழமாகும்போது செல் வடிவம் மாறும், பிரிவது நிற்கும். அப்போது ஃப்ளோவில் முன்புறச் சிதறலும் மாறுவதால் கேட்டையும் (எந்தச் செல்களைக் கணக்கில் எடுப்பது என்ற எல்லை) சரிபாருங்கள்.

தராசுத்தட்டு:

அதோடு ஒன்று: பெரிய செல்லில் இந்தப் புரதம் மொத்தத்தில் அதிகம், வளர்ந்து பிரியும் செல்களில் இன்னும் அதிகம். ஆகவே மருந்து கொடுத்த பிறகு "சி.சி.டி.2 குறைந்தது" என்று எழுதுவதற்கு முன்னால் செல்சுழற்சி மாறியதா என்று பாருங்கள். டி.என்.ஏ. சாயம் சேர்த்து ஒவ்வொரு கட்டத்திலும் இடைநிலை ஒளிர்வைத் தனித்தனியாக ஒப்பிட்டால் பாதிக் குழப்பம் தீரும். டைட்ரேஷனிலும் வழக்கமான "நேர்மறைக் கூட்டம், எதிர்மறைக் கூட்டம்" என்ற பிரிவு இங்கே கிடையாது, எல்லாச் செல்லிலும் இந்தப் புரதம் உண்டு. எனவே ஒவ்வொரு அளவிலும் கண்ட்ரோல் செல்லையும் நாக்டவுன் செல்லையும் ஓட்டி, இரண்டின் வித்தியாசத்தை நாக்டவுன் செல்களின் பரவலால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் உச்சத்தில் இருக்கும் அளவே உங்கள் அளவு. அநேகமாக அது 0.5 மைக்ரோகிராமுக்குக் கீழே வரும்.

மடிப்புவளையம்:

கரைசல்கலம் எழுதியதோடு ஒரு சேர்க்கை. ஒரு துணையலகைக் குறைத்தால் முழுக் கூட்டமைப்பும் குறையும். சேர இடமில்லாத மற்றத் துணையலகுகளும் குறையலாம். அதனால் சி.சி.டி.2 நாக்டவுனில் ஒளி குறைந்தது என்பதைக் கொண்டு மட்டும் அது சி.சி.டி.2-ஐத்தான் பிடித்தது என்று சொல்ல முடியாது. 5-ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியும் அங்கே குறைவு காட்டக்கூடும். நாக்டவுன், எட்டுப் பாதை வெஸ்டர்ன் இரண்டும் சேர்ந்தே சான்றாகும்.

இந்த நுணுக்கம் வீண் வேலையாகத் தோன்றலாம், ஆனால் துணையலகு எது என்பது முக்கியமாகிவிட்ட காலம் இது. சி.சி.டி.5-இல் ஹிஸ்டிடின் 147 ஆர்ஜினினாக மாறினால் உணர்வு நரம்பு நோய் வருகிறது என்று 2006-இல் வெளிவந்தது. சி.சி.டி.2-இன் மாற்றங்கள் லீபர் பிறவிப் பார்வையிழப்போடு தொடர்புபடுத்தப்பட்டது 2016-இல். 2022-இல் இன்னும் ஒரு படி: வளையத்தில் சேராத தனி சி.சி.டி.2, திரண்ட புரதங்களை ஆட்டோஃபேஜிக்கு (செல் தன் கழிவைத் தானே செரிக்கும் வழி) கொண்டுசேர்க்கும் ஏற்பியாக வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அதாவது, தனி சி.சி.டி.2 எவ்வளவு, வளையத்தில் எவ்வளவு என்பதே இப்போது உயிரியல் கேள்வி. ஆன்டிபாடி இரண்டில் எதைக் காண்கிறது என்று தெரியாமல் எடுக்கும் எண் அந்தக் கேள்வியைக் குழப்பிவிடும்.

பிப்பெட்முனை:

என் வேலையே கடைசியாகச் சொன்னதுதான்: தனியானது கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ளோவில் இதைப் பிரிக்க வழி உண்டா?

கரைசல்கலம்:

ஃப்ளோ மட்டும் வைத்து முடியாது. லைசேட்டைச் சுக்ரோஸ் சரிவில் பிரியுங்கள், 10 முதல் 40% வரை. கூட்டமைப்பு 20 எஸ். (இறங்கும் வேகத்தின் அலகு) அருகே இறங்கும், தனித் துணையலகுகள் மேலேயே நிற்கும். ஒவ்வொரு பின்னத்தையும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டி வெஸ்டர்ன். லைசிஸ் 4 டிகிரியில், மென்மையான டிடர்ஜென்டில்: 0.5% என்.பி.-40 போதும். எஸ்.டி.எஸ். கலந்த ரீப்பா கரைசல் வேண்டாம். சோனிகேட்டரும் வேண்டாம்.

நேட்டிவ் ஜெல் இன்னொரு வழி. கூட்டமைப்பு 10 லட்சம் டால்டன் அருகே நிற்கும். ஆனால் அங்கேயும் மறைந்த எபிடோப் சிக்கல் தொடரும். மாற்றுவதற்கு முன் ஜெல்லை எஸ்.டி.எஸ். உள்ள ஓட்டக்கரைசலில் 15 நிமிடம் ஊற வைத்தால் புரதம் அங்கேயே குலையும், ஆன்டிபாடி பிடிக்கும். இதைச் செய்யாமல் "மேல் பட்டை மங்கல், ஆகவே வளையம் உடைந்துவிட்டது" என்று முடிவு கட்டுவது தவறு.

இம்யூனோபிரெசிபிடேஷன் (ஆன்டிபாடியால் புரதத்தை லைசேட்டிலிருந்து இழுத்தெடுப்பது) செய்தால் அங்கே லேபிள் உண்மையாகவே உதவும். முயல் ஆன்டிபாடியால் இழுத்து, முயல் ஆன்டிபாடியால் பார்த்து, முயலுக்கு எதிரான இரண்டாம் ஆன்டிபாடி போட்டால் 50 முதல் 55-இல் ஐஜிஜி-யின் கனச்சங்கிலி பளிச்சென்று வந்து சி.சி.டி.2-ஐ மூடிவிடும். எச்.ஆர்.பி. என்சைம் நேரடியாக ஒட்டிய ஆன்டிபாடி இருந்தால் இரண்டாம் ஆன்டிபாடியே தேவையில்லை, அந்த இடம் சுத்தமாக இருக்கும். 1:1000-இல் தொடங்குங்கள்.

பயோட்டின் ஒட்டியதை வாங்குவதற்கு முன் யோசியுங்கள். செல்லுக்குள்ளேயே பயோட்டின் உள்ள கார்பாக்சிலேஸ்கள் உண்டு. ஸ்ட்ரெப்டாவிடின் போட்டால் 130 அருகேயும் 75 அருகேயும் பட்டைகள் வரும், நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியா மின்னும். பாலிலும் பயோட்டின் இருப்பதால் அடைப்புக்குப் பால்பொடி ஆகாது, பி.எஸ்.ஏ. வேண்டும்.

பிப்பெட்முனை:

சாயமில்லாத வடிவம் 1 மில்லிகிராம் இருக்கிறது. அதில் நானே ஃபிட்சி ஒட்டினால் விகிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாமே?

தராசுத்தட்டு:

ஒட்டலாம். கரைசலில் ட்ரிஸ், கிளைசின், பி.எஸ்.ஏ., அசைடு எதுவும் இருக்கக் கூடாது. எல்லாம் சாயத்தோடு சேரும் அல்லது குறுக்கே நிற்கும். 0.1 மோலார் கார்பனேட் கரைசல், பி.எச். 9.0-க்கு டயலிசிஸ் செய்து, ஒரு மில்லிக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமல் வையுங்கள். 1 மில்லிகிராம் ஐஜிஜி 6.67 நானோமோல். 20 மடங்கு சாயம் என்றால் 133 நானோமோல், அதாவது 52 மைக்ரோகிராம். டி.எம்.எஸ்.ஓ.-வில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் கரைசலை அப்போதே தயாரித்து 5.2 மைக்ரோலிட்டர் மெல்லக் கலந்துகொண்டே சேர்க்கவும். இருட்டில், அறை வெப்பத்தில் 1 முதல் 2 மணி. பிறகு 50 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு போட்டு நிறுத்தி, ஜி-25 தூணில் இறக்கவும். முதலில் வரும் மஞ்சள் பட்டைதான் ஆன்டிபாடி, பின்னால் வருவது தனிச்சாயம்.

தனிச்சாயம் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, கொஞ்சத்தை எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டி நீல ஒளியில் நேரடியாகப் பாருங்கள். 50-இலும் 25-இலும் ஒளி இருக்க வேண்டும். ஜெல்லின் அடி முனையில் ஒளிர்வது தனிச்சாயம். வாங்கிய புட்டியையும் இப்படியே சோதிக்கலாம்.

பச்சைவிளக்கு:

கண்ணாடித்தகட்டில் பார்க்கப் போறீங்கன்னா முன்கூட்டியே சொல்றேன்: நேரடியா ஃபிட்சி ஒட்டினதுல பெருக்கம் கிடையாது, மங்கலாத்தான் இருக்கும். ஃபிட்சி-யோட ஒளி பி.எச். இறங்கினா இறங்கும், மவுண்டிங் கரைசல் 8-க்கு மேலே இருக்கணும், ஆன்டிஃபேட் இருக்கணும். போதலைன்னா ஃப்ளூரெசீனுக்கு எதிரான ஆன்டிபாடியைப் போட்டு ஏத்தலாம். சைட்டோசால் முழுக்கப் பரவின பச்சைதான் இந்தப் புரதத்துக்கு எதிர்பார்க்கிற படம். அதனால படத்தை வெச்சு "சரியான இடத்துல தெரியுது"ன்னு சொல்ல முடியாது. பின்னணிப் பச்சையும் அப்படியேதான் இருக்கும்.

பிப்பெட்முனை:

புரிந்தது. வரிசை இப்படி: துண்டின் வரிசையைக் கேட்டு ஏழோடும் ஒப்பிடுதல், எட்டுப் பாதை வெஸ்டர்ன், 96 மணி நாக்டவுன், அதே செல்லில் சப்போனின் ஒரு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு, இரண்டிலும் டைட்ரேஷன். சப்போனினில் 15 நிமிடம் திறந்துவிட்டு, கழுவி, சாதாரண பி.எஸ்.ஏ. கரைசலில் ஆன்டிபாடி போடுகிறேன். எச்.ஆர்.பி. வடிவத்தை 0.02% அசைடு சேர்த்து 4 டிகிரியில் வைக்கிறேன்.

பச்சைவிளக்கு:

சப்போனின் போடுற துளை தானா மூடிக்கும். ஆன்டிபாடிக் கரைசலிலும், அதுக்கப்புறம் கழுவுற கரைசலிலும் 0.1% சப்போனின் இருந்துகிட்டே இருக்கணும். கடைசிக் கழுவல்ல மட்டும் விடலாம்.

கரைசல்கலம்:

எச்.ஆர்.பி.-யில் அசைடு சேர்த்தால் என்சைம் செத்துவிடும், திரும்ப வராது. கழுவும் பி.பி.எஸ்.-இலும் அசைடு இருக்கக் கூடாது. 50% கிளிசராலில் மைனஸ் 20-இல் வையுங்கள், அங்கே அது உறையாது. ஃபிட்சி புட்டியும் அதே இடம்தான், அலுமினியத் தாளில் சுற்றி. தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் வேண்டாம், அதில் வெப்பம் ஏறி இறங்கும். 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாத பங்குகளாகப் பிரியுங்கள். அதைவிடச் சிறியதானால் குழாய்ச் சுவரிலேயே பாதி ஒட்டிக்கொள்ளும். கிளிசரால் பிசுபிசுப்பாக இருப்பதால் பிப்பெட்டை மெதுவாக இழுத்து, முனையின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு விடுங்கள். டைட்ரேஷனில் 0.03 மைக்ரோகிராம் அளவுக்கு வந்தபின் வெளியே ஒட்டிய ஒரு சிறு துளியே கணக்கை இரட்டிப்பாக்கும். நீர்த்ததை அன்றைக்கே பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.